மல்லாட்டைக் கிடங்கில் மாட்டிய படங்கள்

போட்டோ பிடிக்கிறவனுக்கு இரண்டு முதலாளிகள்: ஒன்று வெயில், இன்னொன்று வாடிக்கையாளர், இரண்டும் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். மெட்ராஸில் மூன்று வருஷம் ஓவியம் படித்துவிட்டு, அதில் சோறு கிடைக்காது என்று தெரிந்ததும் கேமராவைத் தூக்கியவன் நான். என்னைக் கலைஞன் என்று நானே சொல்லிக்கொண்டேன். ஊர் என்னைப் போட்டோக்காரர் என்றது. தையல் மிஷினுக்குப் பின்னாலோ, மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னாலோ உட்கார்ந்து பொதுஜனத்தைப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

அன்னத்துக்குப் பக்கத்தில்

என் ஸ்டூடியோவின் பின்வாசலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். முன்னறையில் காதர் பாய் வரைந்த திரை தொங்கும். காதர் பாய் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். எனக்குத் திரை வரைந்து தருவதும் படங்களுக்குக் கலர் பூசுவதும் அவர்தான். திரையில் ஒரு ஏரி, ஏரியில் ஓர் அன்னம், பின்னால் பனிமலை. பாய் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் மலைக்குப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் பக்கத்தில் இருக்கிற வல்லத்திலிருந்து புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. அன்றைக்கு மழை விட்டு, கோட்டை மதில் மேல் மட்டும் வெயில் விழுந்திருந்தது. என் ஓவியப் படிப்பு சும்மா இருக்கவில்லை. "பின்பக்கம் வாங்க, மலைக்கு முன்னால நிக்க வச்சி எடுக்கறேன். இதைப் பாக்கறதுக்குன்னே எங்கெங்கிருந்தோ வராங்க" என்றேன். குடும்பத் தலைவர் பின்வாசல் வரை வந்து மலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் அன்னத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "அந்தக் கல்ல தெனம்தான் பாக்கறோம். வண்டி கட்டிக்கினு வந்திருக்கோம், எங்கியாச்சும் போயி வந்தா மாதிரி ஒண்ணு எடு."

கண் என்ன நிறம்

ஸ்டூடியோவுக்கு வராத ஆட்களை நாங்களே தேடிப் போய் எடுப்போம். அவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்கள். உயிரோடு இருப்பவரைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பல வீடுகளில் பயந்தார்கள். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தால், அது போனவர் படம் என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

சீயமங்கலம் பக்கத்தில் ஒரு பெரியவர் தவறிவிட்டதாக ஆள் வந்தது. நிறம் குறித்துக்கொள்ள காதர் பாயும் வந்தார். பெரியவரை நாற்காலியில் உட்கார்த்தி, துண்டால் கட்டி, நெற்றியில் விபூதி பூசி வைத்திருந்தார்கள். மூத்த மகன், "கண்ணு தெறந்திருக்கறா மாதிரி வேணும், கலர்ல வேணும்" என்றார். அதற்கென்ன, பாய் பிரஷ்ஷால் திறந்துவிடுவார். "கண்ணு கருப்பா, பழுப்பா?" என்று கேட்டு நோட்டை விரித்தார் பாய். மகன் கருப்பு என்றார். மகள் பழுப்பு என்று அடித்துச் சொன்னாள். பெரியவருடைய தம்பி பூனைக்கண் என்றார். கடைசியில் பெரியவர் சம்சாரத்தையே கேட்டோம். அந்த அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, "கோவக்காரரு. நான் நிமுந்து பாத்ததே இல்லியே" என்று சொல்லி அழுதார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். செஞ்சியில் இறங்கியதும் பாய் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "உசுரோட இருக்கசொல்ல எடுக்கணும் தம்பி. செத்தப்புறம் எல்லார் கண்ணும் என் கற்பனைதான்."

இன்னா கேசு

பாய் சொன்னது என்னை விடவில்லை. ஓய்ந்த நேரங்களில் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினேன். சந்தை, பஸ் நிற்கிற இடம், ஏரிக்கரை என்று சுற்றினேன். கடைசியில் போய் நின்றது மில்லில். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்று ஊர்க்கோடியில் இருந்தது. அதன் முதலாளி நயினார் சமணர், அதிகம் பேசாதவர், நான் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டார். ஆனால் அதை மேஸ்திரியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

முக்காலியை நட்டுக் கறுப்புத் துணியை எடுத்ததும் மில் அடங்கிப் போயிற்று. புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி எனக்கு ஸ்டூல் போட்டார், விசிறினார், சோடா உடைத்துக் கொடுத்தார். அவருக்கு நான் சர்க்கார் ஆள் என்ற எண்ணம். பின்பக்கக் களத்தில் காய் குவியலாகக் கிடந்தது. குவியல் மேல் ஏறிக் காலால் தள்ளிக்கொண்டிருந்த அஞ்சலை என்கிற பெண் இந்த உபசாரத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதை எடுத்துவிட்டேன். மேஸ்திரி பதறிப் போய் யாருக்காக எடுக்கிறேன் என்று கேட்டார். யாருக்காகவும் இல்லை, சும்மாதான் என்றேன். அவர் கையிலிருந்த விசிறி நின்றது. "சும்மா எடுக்கறவன் எவனும் கெடையாது. நல்லதனமா கேக்கறேன், இன்னா கேசு, சொல்லிட்டுப் போ."

படம் ஓடும் நேரம்

இரண்டு வருஷத்தில் நூறு படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பெட்டிக்குள் வைத்திருக்க மனசில்லை. ஆடி மாதம் நயினாருடைய கிடங்கு காலியாகக் கிடக்கும். பத்து நாளைக்குக் கேட்டேன். அவர் மறுபடி தலையை ஆட்டினார். இந்தத் தடவை மேஸ்திரிக்கும் சொல்லிவிட்டார். காதர் பாயும் நானும் தரையைப் பெருக்கி, சாக்குப்பைகளைத் தைத்துச் சுவரை மறைத்து, அட்டையில் ஒட்டிய அறுபது படங்களை ஆணியில் மாட்டினோம். அஞ்சலை சிரிக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு, நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி நடுவில் வைத்தேன். எங்கேயாவது என்னைக் கலைஞன் என்று ஒத்துக்கொள்வார்கள் என்றால் அந்தப் படத்துக்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் 'புகைப்படக் கண்காட்சி, அனைவரும் வருக' என்று பாய் சிவப்பில் எழுதிவைத்தார். முதல் நாள் வாசலில் கூட்டம், உள்ளே ஒருவரும் இல்லை. நான் வெளியே போய்க் கூப்பிட்டேன். ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, படம் எத்தனை மணிக்கு ஓடும் என்று கேட்டார். "இது ஓடாதுங்க. படம் நின்னுக்கிட்டே இருக்கும், நாமதான் நடந்து நடந்து பாக்கணும்" என்று விளக்கினேன். அவர் எட்டி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து விஷயத்தை உடைத்தார்: "கால் நோவ நாம நடக்கணுமாம், படம் சொகுசா நிக்குமாம். வாங்க போலாம்."

ஆணி

இரண்டாம் நாள் ஆட்கள் உள்ளே வந்தார்கள். சந்தைக்கு வந்த கிழவி ஒருத்தி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இவங்கள்லாம் எப்பப்பா போனாங்க?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் உயிரோடு இருப்பவர்களைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அன்று பிற்பகல் அஞ்சலையின் புருஷன் முருகேசன் வந்தான். மூட்டை ஏற்றுகிற மாட்டுவண்டிக்காரன், நல்ல உயரம். அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். காதர் பாயும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முருகேசன் நேரே நடுப்படத்துக்குப் போனான். பெண்டாட்டி சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எடுத்துருங்க" என்றான், திரும்பாமல். நல்ல படம் என்றேன், தப்பாக ஒன்றும் இல்லை என்றேன், மெட்ராஸில் இப்படித்தான் மாட்டுவார்கள் என்றேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு இவ ரெண்டாவது. மொதல்ல கட்டனவ பிரசவத்துல பூட்டா. அவ படம் ஊட்ல மாட்டியிருக்குது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "இன்னொண்ணு மாட்டறதுக்கு எங்க ஊட்ல ஆணி இல்ல போட்டோக்காரரே."

படத்தை நானே கழற்றினேன்.

ரெண்டு பேர்

மூன்றாம் நாள் மில்லில் வேலை விட்டதும் அஞ்சலை ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தூசு படிந்த தலையோடு எல்லோரும் நேரே நடுச்சுவருக்குப் போனார்கள். அங்கே சாக்கும் ஆணியும்தான் இருந்தன. கூட வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். "அதக் காட்டுங்க" என்றாள். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. முந்தானையால் படத்தில் இருந்த தூசியைத் துடைத்தாள். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட வந்தவர்களோடு போனாள். கண்காட்சியை அன்றைக்கே மூடிவிடலாமா என்று பாயிடம் கேட்டேன். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேரும் குளித்திருந்தார்கள். முருகேசன் சட்டை போட்டிருந்தான், பித்தான் ஒன்று மாறிப்போயிருந்தது. "தனியா மாட்டனாத்தான இவருக்குப் பயம். சேத்து எடுங்க" என்றாள் அஞ்சலை. கிடங்கு வாசலிலேயே நிற்கவைத்தேன். உள்ளே இருட்டு, முகத்தில் காலை வெயில். எதிரே காளை முட்ட வருகிற மாதிரி முருகேசன் கேமராவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள், சிரிப்பை அடக்கமுடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் கழுவி, பெரிதாக்கி, ஈரம் காய்ந்தும் காயாமலும் அதே ஆணியில் மாட்டினேன். அஞ்சலை தள்ளி நின்று பார்த்துத் தலையை ஆட்டினாள்: "இப்ப ரெண்டு பேரும் தொங்கறோம். போனாலும் சேந்தே போயிடுவோம், அப்புறம் இன்னா பயம்?"

பெட்டிக்குள்

கடைசி நாள் நாங்கள் படங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது முருகேசன் தனியாக வந்தான். வாசலிலேயே நின்றான். சேர்ந்து எடுத்த படத்தைக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து அதை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தான். "அந்த இன்னொண்ணு இருக்குதா? சிரிக்கறது?" என்றான். அட்டையிலிருந்து பிரித்துச் சுருட்டிக் கொடுத்தேன். அவன் அதைத் துண்டுக்குள் வைத்துச் சுற்றினான். மழை தூறிக்கொண்டிருந்தது, நனையாமல் இருக்கச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அவனாகவே சொன்னான்: "மாட்டமாட்டேன். பொட்டிக்குள்ள இருக்கட்டும். அவ மில்லுக்குப் போயிருக்கசொல்ல எடுத்துப் பாத்துக்கறேன்."

கலை விசாரம்

பிற்பாடு என்னோடு படித்தவர்கள் மெட்ராஸில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். என்னையும் பத்துப் படம் கொண்டுவரச் சொன்னார்கள். முருகேசனும் அஞ்சலையும் வாசலில் நிற்கிற படம் அதில் ஒன்று. காதர் பாய் ஜரிகைக் கரை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்தார். அங்கே யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் மோவாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு என் கிடங்கு ஞாபகமாகவே இருந்தது, அந்தச் சாக்கு வாசனையோடு.

தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். என்னைக் கூப்பிட்டார். பின்னணியில் இப்படி ஒரு கனத்த இருளை வைத்திருக்கிறீர்களே, அந்த மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றி அதில் என்ன சொல்லவந்தீர்கள் என்று கேட்டார். நான் சொல்வதற்கு வாக்கியம் தேடினேன். படித்த மூன்று வருஷத்தையும் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பாய் எனக்காக இரக்கப்பட்டு, மரியாதையாக ஒரு எட்டு முன்னால் வந்து சொன்னார்: "அது ஒண்ணும் இல்ல சார். கிடங்குல கரண்டு கெடையாது."

மொத்தத்தில், அந்தப் பத்து வருஷத்தில் படம் நன்றாக வந்தபோதெல்லாம் அது அவரவர் முகராசி, கெட்டுப்போனபோதெல்லாம் அது என் கேமரா.