பிடி, தூக்கு, விடு

சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவனுக்கு விரல் மரத்துப்போவது புதிது இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடம்) பதினாறு வருஷம் அந்தக் குழியில் நின்றவன் நான். அதனால் எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் விரல் நுனி குறுகுறுத்தபோது சுண்ணாம்புதான் என்று விட்டுவிட்டேன். கால் விரலும் குறுகுறுத்தது. கால் ரப்பர் பூட்ஸுக்குள் இருந்தது. அதை யோசித்திருக்க வேண்டும்.

கரீம் பாயிடம் சொன்னேன். முன்பு என்னோடு குழியில் நின்றவர். பிறகு தோலை எண்ணிக் கட்டும் வேலைக்குப் போனார்.

“தேங்கா எண்ண தடவுடா, சரியாப் பூடும்,” என்றார்.

தடவினேன். மூன்றாம் நாள், குழியிலிருந்து தூக்கிய தோல் என் இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தது. மேஸ்திரி முகத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்தது.

“இன்னாடா தேவா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?”

நான் குடிப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

என் மனைவி ரூத் ஒரு வேன் பிடித்து என்னை வேலூருக்குக் கொண்டுபோனாள். வழியில் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஆஸ்பத்திரி நடையில் தள்ளுகட்டிலில் கிடத்தினார்கள். ஒரு டாக்டரம்மா வந்தார். ஊசி இல்லை, குழாய் இல்லை. “ஒரே மூச்சுல எவ்ளோ தூரம் எண்ண முடியுதோ எண்ணுங்க,” என்றார்.

பதினொன்று வரை எண்ணினேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். ஏழு. அடுத்த முறை நான்கு. அதற்குமேல் அவர் காத்திருக்கவில்லை.

நோயின் பெயர் கில்லன் பாரி (உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்பின் மேலுறையைத் தின்னும் நோய், காலில் தொடங்கி மேலே ஏறும், பலருக்கு வந்த வழியே இறங்கவும் செய்யும்). மூன்று வாரம் முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அதற்குப் பின்னால் இது வரலாம் என்றார்கள். இதை எழுதுவதே இதற்காகத்தான். கையும் காலும் சேர்ந்து மரத்துப்போனால், சுண்ணாம்பு என்று உட்காராதீர்கள்.

அந்த டாக்டரம்மா மயக்க மருந்துப் பிரிவைச் சேர்ந்தவர். ரூத்துக்கு அது புரியவில்லை.

“ஆபரேஷனே இல்லன்றீங்க. மயக்க டாக்டரு எதுக்கும்மா?”

“ஆபரேஷன்ல மயங்கினவங்களுக்கு மூச்சு விடறது எங்க வேலம்மா. இங்கயும் அதே வேலதான். இவரு மயங்க மாட்டாரு, அவ்ளோதான் வித்தியாசம்.”

அந்த வித்தியாசம் பெரியது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள் (மூச்சுக்குழலுக்கு நேர்வழி). கை போனது, கால் போனது, முகம் போனது. கண்ணிமை மட்டும் மிஞ்சியது. ஆனால் எல்லாம் கேட்டது. எல்லாம் வலித்தது. ஈ உட்கார்ந்தால் எங்கே உட்கார்ந்தது என்று தெரிந்தது.

அங்கே மூச்சு மெஷின் இரண்டு இருந்தன. இரண்டிலும் ஆள். மூன்றாவதாக வந்தவன் நான். எனக்குக் கையால் அழுத்தும் ரப்பர் பை. அழுத்தினால் காற்று உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். யாராவது ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நான் இல்லை.

பை அழுத்த அந்தப் பிரிவில் வீட்டு ஆட்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். சிஸ்டர் சோதித்துப் பார்த்துச் சரி சொல்லாமல் யாரும் தொட முடியாது. ரூத் கற்றுக்கொண்டாள். ஒருத்தியால் எத்தனை நேரம் முடியும்? செய்தி போனதும் கரீம் பாய் தோல் ஷாப்பிலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சிஸ்டர் அவர்களை வரிசையாக நிறுத்தி, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்க்கவைத்தார். தேய்த்தாலும் எங்கள் வாடை போகாது.

பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்தினார். “இன்னா சிஸ்டர் நாத்தம்? எலி கிலி செத்துக் கெடக்குதா?”

“இல்லங்க. ஆம்பூர்லேர்ந்து மூச்சு வந்திருக்கு. பொறுத்துக்குங்க,” என்றார் சிஸ்டர்.

சிரிக்க என்னிடம் முகம் இல்லை. உள்ளே சிரித்தேன்.

கரீம் பாய் முறை வந்தது. சிஸ்டர் பார்க்கும்வரை ஒழுங்காக அழுத்தினார். சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் அவர் கை ஷாப் வேலைக்குப் போய்விட்டது. கரீம் பாய் தோல் எண்ணும் வேகத்துக்குக் கண் ஓடாது. ஒண்ணே ரெண்டே மூணே நாலே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, ஒரு எண்ணுக்கு ஒரு அழுத்து. எனக்கு உதடு குறுகுறுத்தது. மேலே மின்விசிறி இரண்டாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தேன். மூடித் திறந்தேன்.

“பாருங்க சிஸ்டர், கண்ணடிக்கிறான்! தோஸ்த்துக்குக் குஷி!”

வந்தது டாக்டரம்மா. கரீம் பாய் மணிக்கட்டைப் பிடித்தார். “பாய், யாரு தொரத்தறாங்க உங்கள?”

“காத்து ஜாஸ்தி குடுத்தா சீக்கிரம் எழுந்துருவான்னு…”

“ஜாஸ்தியும் கெடுதல்தான்.” ரத்தத்தில் கரிவாயு (வெளியே விடும் கெட்ட காற்று) கொஞ்சம் தங்க வேண்டும், அடித்துத் தள்ளினால் தலை சுற்றும், நரம்பு இழுக்கும் என்று விளக்கினார். பிறகு கேட்டார், “உங்க ஷாப்ல மெதுவாத்தான் செய்யணும்னு ஒரு வேல இருக்குமே, எது?”

கரீம் பாய் யோசித்தார். “குழிலேர்ந்து தோல் தூக்கறதும்மா. பேஜார் புடிச்ச வேல. அவசரப்பட்டா நாமளே குழில கெடக்கணும்.”

“எப்படித் தூக்குவீங்க? சொல்லிக்கிட்டே செஞ்சு காட்டுங்க.”

“புடி… தூக்கு… வுடு… நில்லு.”

“அப்படியே அழுத்துங்க.”

அன்றிலிருந்து எல்லோரும் அப்படித்தான் அழுத்தினார்கள். பிடி, தூக்கு என்றால் காற்று வரும். விடு என்றால் போகும். நில் என்றால் நானும் நிற்பேன். வாழ்நாள் முழுக்க நான் தூக்கிய தோலை விட அந்த நாட்களில் அவர்கள் தூக்கியது அதிகம்.

மூன்றாம் நாள் காலை விரிஞ்சிபுரத்திலிருந்து மச்சான் வந்தார். ரூத்தின் அண்ணன். பஸ் டிப்போவில் மெக்கானிக். கட்டில் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை.

“ரூத்து, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. இன்ஜின் போயிடுச்சி. இவங்க தள்ளிக்கினு இருக்காங்க. எடுத்துட்டுப் போயிடலாம். வீட்டுல, ஜெபம் பண்ணி, அமைதியா போகட்டும்.”

ரூத் பேசவில்லை. மூன்று நாளாகத் தூங்காதவள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயம் தந்தது. பை கரீம் பாய் கையில் இருந்தது. அவர் வேகம் மாறவில்லை.

அந்த நேரத்தில் டாக்டர்களின் காலைச் சுற்று வந்தது. அந்தப் பிரிவில் டாக்டர் தனியாக வருவதில்லை. நரம்பு டாக்டர், சிஸ்டர், கைகால் அசைத்துவிடுகிறவர், கட்டிலைச் சுத்தம் செய்யும் அம்மா வரை எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருவரும் பேச வேண்டும். முதுகில் புண் வரப்போகிறது என்று முதலில் சொன்னது சுத்தம் செய்யும் அம்மாதான். அதற்காக அன்றே படுக்கையை மாற்றினார்கள்.

மச்சான் தன் விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். “எல்லாரும் பேசிட்டோம். ஒருத்தர் இன்னும் பேசல,” என்று சொல்லி என் முகத்துக்கு நேரே குனிந்தார். “தேவசகாயம், ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடுங்க. இல்லன்னா ரெண்டு தடவ. வீட்டுக்குப் போறீங்களா?”

மூடினேன். திறந்தேன். மூடினேன்.

“அது தானா மூடுது டாக்டர்,” என்றார் மச்சான். “பொணத்துக்குக் கூட…”

“அப்ப நீங்களே கேளுங்க.”

மச்சான் தொண்டையைச் செருமினார். என் காதில் சத்தமாகக் கேட்டார், நான் செவிடன் என்பதுபோல. “மாப்ள! உன் கல்யாணத்துக்கு நான் வாட்ச்சு போட்டேன், ஞாபகம் இருக்கா?”

மூடினேன். திறந்தேன். மூடினேன்.

மச்சான் திரும்பித் தங்கையைப் பார்த்தார். பிறகு ரூத் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அழுகையும் கலந்து வந்தது.

“அவரு கரெக்டாத்தாண்ணா சொல்றாரு. போடறேன் போடறேன்னு சொன்ன. இன்னி வரைக்கும் போடல.”

கரீம் பாய் பையை விடாமல், “மாட்டிக்கினீங்களா மெக்கானிக்கு!” என்றார்.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிஸ்டரிடம் கேட்டார். “இத எப்படி அழுத்தணும்?”

மறுநாள் ஒரு மெஷின் காலியானது. அதில் ஐந்து வாரம் கிடந்தேன்.

கட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அன்றன்று யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது சிஸ்டர். மூட்டு ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவது கைகால் அசைத்துவிடுகிறவர். வாய் துடைப்பது, கண்ணுக்கு மருந்து விடுவது ரூத். கடைசி வரியில் என் பெயர். அதற்கு எதிரே ரொம்ப நாள் காலியாக இருந்தது. அந்தக் காலி வரி எனக்குக் கோபம் தந்தது. ஒரு நாள் டாக்டரம்மா அதில் எழுதினார்: “மூன்று மூச்சு.”

மெஷினைக் கழற்றினார்கள். நெஞ்சின் மேல் நாலு ஈரத் தோல் போட்டதுபோல் இருந்தது. பிடி, தூக்கு, விடு. ஒன்று. பிடி, தூக்கு, விடு. மூன்றாவது முடிந்ததும் மாட்ட வந்தார்கள். இரண்டு தடவை கண்ணை மூடினேன். இல்லை. ஐந்து விட்டேன்.

எல்லோரும் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா பாராட்டவில்லை. “தாள்ல மூணுன்னு இருக்கு. இன்னிக்கு ரெண்டு திருடினீங்க. நாளைக்கு உடம்பு அத திருப்பி எடுத்துக்கும்,” என்றார்.

மறுநாள் இரண்டு மூச்சுக்கே கண் இருட்டியது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அன்று புரிந்தது. விட்டுக்கொடுக்காமல் இருப்பது வேறு, முண்டுவது வேறு. நோயோடு மல்லுக்கு நிற்கலாம். தாளோடு நிற்கக் கூடாது.

பிறகு தாள் சொன்னபடி செய்தேன். பத்து மூச்சு. அரை மணி. ஒரு காலை முழுவதும். நோய் ஏறிய வழியே இறங்கியது. முகம் முதலில் வந்தது, கால் கடைசியில். ஒருநாள் தொண்டைத் துளையைச் சிஸ்டர் விரலால் மூடி, “பேசுங்க,” என்றார். சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள். ரூத் கையில் வேதாகமம் இருந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன்.

“வாட்ச்சு எங்க?”

குரல் கழுதை கத்துவதுபோல் இருந்தது. மச்சான் தன் கையிலிருந்ததைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினார். என் கை அவ்வளவு இளைத்திருந்தது. வாட்ச் முழங்கை வரை ஓடியது.

பத்து மாதம் கழித்துத் தோல் ஷாப்புக்குப் போனேன். கையில் கம்பு இருந்தது. மேஸ்திரி நல்ல மனசோடுதான் சொன்னார். “கேட்ல உக்காந்துக்க தேவா. போற வர்ற வண்டியப் பாரு. போதும்.”

“ஒரு தோல் தூக்கிட்டு அப்புறம் சொல்றேன் மேஸ்திரி.”

“பைத்தியமாடா உனக்கு? கழுத்துல ஓட்டய வச்சிக்கினு…”

“ஓட்ட மூடிப் பல மாசம் ஆச்சி.”

வாட்சைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கரீம் பாய் தன் வேலையை விட்டுவிட்டு வந்து குழிக்கு எதிர்ப்பக்கம் நின்றார். இடுக்கியைப் பிடித்தேன். விரலில் பாதி உணர்ச்சிதான் இருந்தது. “புடி,” என்றார். பிடித்தேன். “தூக்கு.” தொடை ஆடியது. தோல் தண்ணீரை விட்டு வந்தது. “வுடு.” கரையில் விழுந்தது. “நில்லு,” என்றார். நின்றேன். என் மூச்சை நானே கேட்டேன்.

மேஸ்திரி சிரித்தார். “ஒரு தோலுக்கு இவ்ளோ நேரமா? நாளைக்கு எத்தினி, ரெண்டா?”

“நாளைக்கும் ஒண்ணுதான் மேஸ்திரி. நாளன்னிக்கு ரெண்டு.”

இப்போது மறுபடி குழி வேலைதான் செய்கிறேன். முன்பு போல் வேகம் இல்லை. உள்ளங்கால் இன்னும் மரத்தே இருக்கிறது. தரை சில்லென்று இருக்கிறதா என்று ரூத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். கழுத்துத் தழும்பை மறைக்கத் துண்டு போடச் சொன்னார்கள். போடுவதில்லை. அது வழியாகத்தான் நான் வந்தேன்.

வாட்ச் நன்றாக ஓடுகிறது. மச்சான் வரும்போதெல்லாம் சாவி கொடுத்துப் பார்க்கிறார். நான் அதில் நேரம் பார்ப்பது குறைவு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, வெந்நீர் காயும்போது, என்னை அறியாமலே மூச்சை எண்ணுகிறேன். எண்ணும்போது நான் இருக்கிறேன் என்று தெரிகிறது.

உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிக் கிடக்கலாம். பை உங்கள் கையில் இருக்கலாம். அவர் தலைமாட்டில் நின்று அவரைப் பற்றிப் பேசாதீர்கள். அவரிடம் பேசுங்கள். மெதுவாக அழுத்துங்கள். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.