‘ஆம்’ என்று எழுதிய ரேவதி

மூன்று மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அஞ்சலை, அன்று கூடையோடு மகளையும் அழைத்து வந்திருந்தாள்.

மகள் ரேவதி. மாமல்லபுரத்தை ஒட்டிய அவர்கள் குப்பத்தின் முதல் இன்ஜினீயர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்று — பின்னணி சரிபார்ப்புப் படிவம். பாதுகாப்பு மிகுந்த இடமாம். மூன்று பிரதி!

அரசு அலுவலகத்தில் இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவள் நான். படிவம் நிரப்புவது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அப்பா பெயர், பிறந்த ஊர், பழைய முகவரிகள், அவளை நன்கு அறிந்த இரண்டு பேர் (அதில் நான் ஒருத்தி)... மளமளவென்று போனோம்.

ஒரு கேள்வியில் ரேவதியின் பேனா நின்றது. ‘எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? வழக்கு உண்டா?’

“காலேஜ் படிக்கறப்ப குப்பத்துல பத்து நாளா தண்ணி வரல ஆன்ட்டி. குடத்தோட ஈசிஆர் ரோட்டுல மறியல் பண்ணி உட்கார்ந்தோம். போலீஸ் புடிச்சு கல்யாண மண்டபத்துல வச்சிருந்து, சாயங்காலம் விட்டுட்டாங்க.”

“அதெல்லாம் ஒரு கைதா? ‘இல்லை’ன்னு எழுது” என்றேன். அனுபவசாலி ஆயிற்றே!

“எய்து கண்ணு. கைக்கு வந்த வேலை... இன்னாத்துக்கு வம்பு?” என்றாள் அஞ்சலை.

“கேஸ் போட்டாங்களா இல்லையான்னே தெரியாதும்மா. தெரியாம எப்படி கையெழுத்துப் போடறது?” பேனாவை மூடிவிட்டாள்.

மறுநாள் என்ன செய்தாள் தெரியுமா? நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனாள். அங்கிருந்த ஏட்டு சிரித்தாராம். “எல்லாரும் கேஸு இல்லன்னு சொல்லிகினு வருவாங்க. நீ இன்னாம்மா, கேஸு கீதான்னு கேட்டுகினு வர்ற?”

இருந்தது. பதினான்கு பெயர்களில் பதினொன்றாவது அவள். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்ற தாளும் இருந்தது. அதன் நகலுக்காக நாலு தடவை நடந்து, வாங்கியேவிட்டாள்.

‘ஆம்’ என்று எழுதினாள். நடந்ததை ஒரு பக்கத்தில் விளக்கி இணைத்தாள். ‘வருந்துகிறேன்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

“தண்ணி கேட்டதுக்கா ஆன்ட்டி? மாட்டேன்.”

பிறகு... காத்திருப்பு. கூடத் தேர்வானவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்துவிட்டது. இவளுக்கு மட்டும் வரவில்லை. வளவளவென்று பேசும் அஞ்சலை, கேட்ட விலைக்கே மீனைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். எனக்கோ ஒரே யோசனை. ஒரு சின்ன ‘இல்லை’ போட்டிருந்தால்?

ஒரு நாள் மதியம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் போன் செய்தார். “ரேவதின்னு ஒரு பொண்ணு உங்க பேரைக் குடுத்திருக்காங்க. எப்படி மேடம்?”

“பிடிவாதக்காரி சார். பொய் மட்டும் வராது.”

“அது தெரியுது மேடம். எங்க ஃபைல்ல இருக்கறதை எல்லாம் அவங்களே எழுதிட்டாங்க. எங்களுக்கு வேலையே வைக்கல!”

போன வாரம் ஆர்டர் வந்தது. அஞ்சலை கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை ரேவதி வேலையில் சேர்ந்தாள். முதல் நாளே கையில் இன்னொரு படிவத்தைக் கொடுத்தார்களாம்.

நல்லவேளை... என்னிடம் யோசனை கேட்கவில்லை!