மதாம் பார்த்த பாரிஸ்

ஆசிரியர் அறை மேசையில் சாப்பாட்டு டப்பாக்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, மதாம் பாரிஸ் நகர வரைபடத்தை விரித்துப் போட்ட அந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் எங்கள் பள்ளியின் பிரெஞ்சு ஆசிரியை. புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளைகளிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் மதாம்தான். பாரிஸின் தெருக்களைப் பாடப்புத்தகத்தில் வைத்தே காலமெல்லாம் நடத்தியவர், ஒருமுறைகூட அங்கே போனதில்லை. ஓய்வு பெற்றதும் தனியாகப் போய் ஆசை தீரச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார். பக்கத்து நாற்காலிக் கணக்கு டீச்சரான எனக்கு, அவர் போகும் முன்பே பாரிஸ் மனப்பாடம் ஆகிவிட்டது.

என்ன திட்டம் என்கிறீர்கள்! மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், இருட்டிய பிறகும் ஆள் நடமாட்டமுள்ள தெருவாகப் பார்த்து ஓட்டல் அறை பதிவு செய்தார். பாஸ்போர்ட் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்துவைத்தார். மருத்துவக் காப்பீடு எடுத்தார். உள்பாவாடையில் பை தைத்துக்கொண்டார். எந்த அருங்காட்சியகத்துக்கு எந்தக் கிழமை போனால் கூட்டம் இருக்காது என்பதுவரை விசாரித்து வைத்தார். நிறைய நடக்க வேண்டியிருக்குமே என்று, புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு காலையில் கடற்கரைச் சாலையில் நடந்து பழகினார். எதிரே வந்த மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றார்.

அத்தனையையும் கெடுத்தது ஒரே ஒரு போன். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பத்தில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்ட அவருடைய கொழுந்தனார், பாரிஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். "நாங்க இருக்கும்போது அண்ணி ஓட்டல்ல தங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று ஒரே பிடியாகப் பிடித்தார். எங்கள் ஊரிலிருந்து பிரான்ஸ் போகிறவர்கள் செய்யும் தப்பே இதுதான். சொந்தக்காரர் வீட்டைவிடப் பத்திரமான இடம் வேறில்லை என்று நம்பிவிடுவார்கள். வேண்டாம் மதாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். உறவு விட்டுப்போய்விடும் என்று சொல்லி அறையை ரத்து செய்துவிட்டார்.

அங்கே போய் இறங்கியதுமே, பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தனியாகப் போனால் எவனாவது பையைப் பிடுங்கிவிடுவான் என்று வெளியே விடவில்லை. கொழுந்தனார் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். அவர்கள் பேரக்குழந்தைக்குக் காதுகுத்து வேறு. முறுக்குச் சுட்டதும் மதாம், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும் மதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரில் கூட்டிப் போயிருக்கிறார்கள். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ஐஃபல் கோபுரத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டி, "பாத்தாச்சா அண்ணி?" என்று கேட்டுவிட்டுக் கொழுந்தனார் வீட்டுக்குத் திருப்பிவிட்டாராம். ஊர் திரும்பி இதைச் சொன்னபோது மதாம் அழவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை போங்கள், ஓட்டலிலேயே தங்குங்கள் என்று நச்சரித்துப் பார்த்தேன். அதற்குள் அவருக்கு முட்டி போய்விட்டது. இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படியேற முடிவதில்லை.

இந்த வருஷம் ஜூலை விடுமுறைக்குக் கொழுந்தனாரும் மனைவியும் புதுச்சேரிக்கு வந்தார்கள். மதாம் மாடியறைக்கு வெள்ளையடித்துப் புது மெத்தை போட்டு வைத்திருந்தார். அவர்களோ நேராகக் கடற்கரைப் பக்கத்து ஓட்டலில் போய் இறங்கினார்கள். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற கவலையெல்லாம் எங்கே போயிற்றோ! மதாமுக்கு மனசு கேட்கவில்லை. வஞ்சிரக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டார். நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஓட்டல் வரவேற்பறையில் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே கொழுந்தனார் மனைவி சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வீட்ல தங்குனா சமையக்கட்டுலயே பொழுது போயிடும். ஊரச் சுத்திப் பாக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க?"

மதாம் சோபாவில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"முடியாதும்மா" என்றார்.