பீரோவில் பூட்டிய எரிமலை

எழுபதுகளில் கம்பத்துப் பள்ளியொன்றில் நான் பூகோள ஆசிரியை. புதிதாக வந்த மேரியும் பூகோளம்தான். பிள்ளைகள் அவளையே மொய்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. எரிமலைப் பாடத்துக்காக நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடினாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவியலாளர் ஒருவர் கனன்றுகொண்டிருந்த எரிமலைகளில் ஏறிப் பார்த்து எழுதிய குறிப்புகள். நான் முந்திக்கொண்டு எடுத்துவந்து, மூன்று மாதம் பீரோவில் பூட்டிவைத்தேன்.

மேரி அசரவில்லை. பிள்ளைகளை வெல்லம் காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன். கொப்பரையில் கொதித்த பாகை மரத்தொட்டியில் ஊற்றியதும் மேலே ஆடை கட்டிச் சுருங்கியது.

"எரிமலைக் குழம்பும் இப்படித்தான் ஆறும்," என்றாள் மேரி.

"உள்ள சூடு எம்புட்டு நாள் இருக்கும், டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

மேரி கள்ளமில்லாமல் என்னைக் காட்டினாள். "அக்காதான் அந்தப் புஸ்தகத்த மூணு மாசமா படிக்கிறாக. அவுக சொல்லுவாக, கேளுங்க."

அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. அவள் படிக்கக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்த நான், அதன் முதல் பக்கத்தைக்கூடத் திறந்திருக்கவில்லை.

மறுநாள் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.

"முடிச்சிட்டீகளாக்கா?"

"முடிச்சிட்டேன்," என்றேன். எரிமலைகளைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.