கடலைப் பார்த்துப் பாடிய பாட்டு

இன்று மாலை எங்கள் தீவுக் கிராமம் தேர் ரூஜில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கரும்புச் சோகை எரியும் வாடை மூக்கில் ஏறியது. பிள்ளைகளுக்கு நான் இப்போது சொல்லிக்கொடுக்கும் கோயில் பாட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று அந்த நொடியில்தான் தோன்றியது.

நாங்கள் வளர்ந்த தோட்டக் குடியிருப்பை 'காம்ப்' என்போம். இப்போது அதை இடித்துக் கரும்பு நட்டுவிட்டார்கள்; கோயில் மட்டும் மிச்சம். அங்கே தகரக் கூரைக் கோயில் முன்னால், ஞாயிறுதோறும், சூடம் மணக்க, தலையில் எண்ணெய் வழிய, பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டை, கடலுக்கு அப்பால் தாய்நாட்டைப் பிரிந்த துயரத்தையும் நாட்டுக்காக உயிர்விடும் பெருமையையும், பொருள் தெரியாமலே தொண்டை கிழியப் பாடுவோம். "கடலைப் பாருங்க பிள்ளைங்களா, நம்ம நாடு அங்கதான்!" என்பார் கோயில் தலைவர். கடலைப் பார்த்தால் கரும்புக்காடு முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் என் சித்தப்பா அந்தக் காட்டில்தான் போலீஸ் குண்டுபட்டுச் செத்தார். அடுத்த ஞாயிறும் கடலைப் பார்த்தே பாடினோம். சின்னம்மா மட்டும் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கத்தினாள்: "மோ மாரி இன் மோர் இசி!" என் புருஷன் செத்தது இங்கேதான் என்று. "பாட்டு கெடுது, தங்கச்சி" என்றார் தலைவர். அந்தச் சொல் இன்னும் எரிகிறது.

தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது. விழாவுக்கும் அதே பாட்டாம், அதே கடலாம்! முடியாது. சின்னம்மா கத்திய மொழியிலேயே சித்தப்பாவுக்கு ஒரு பாட்டு எழுதப்போகிறேன். வரும் ஞாயிறு பிள்ளைகளைக் கரும்புக்காட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவேன்.