முன்சீட்டில் கிடந்த துண்டு

புதூர்நாட்டிலிருந்து காலையில் திருப்பத்தூர் இறங்கும் ஜீப்பில் சீட்டுப் பிடிக்க நான் ஒரு சின்ன வெப் ஆப் செய்திருந்தேன். அது எங்கள் வீட்டில், அரிசி டிரம்மின் மேல் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடியது. கரண்ட் போனால் ஆப்பும் போகும். கரண்ட் போகாத நாளில் நானே கால் தடுக்கி ஒயரைப் பிடுங்கிவிடுவேன்.

"இத்த நம்பி யாரும் மலை எறங்க முடியாதுப்பா," என்றார் ஜீப் ஓட்டும் அண்ணன்.

ரோஷம் வந்துவிட்டது. இலவசமாக இடம் தரும் ஒரு கிளவுட் தளத்துக்கு ஆப்பை மாற்ற உட்கார்ந்தேன். ஞாயிறு முழுக்கத் திரையில் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கினேன். சாயங்காலம் பச்சை விழுந்ததும், மலையையே தூக்கி வேறிடத்தில் வைத்தவன்போல வாசலில் நடந்தேன்.

மறுநாள் என் மனைவிக்குத் திருப்பத்தூரில் ஸ்கேன். ஏழாம் மாசம். அந்த வளைவுகளில் பின்சீட்டில் குலுங்கிப் போக முடியாது, முன்சீட்டு வேண்டும். புது ஆப்பில் முதல் வேலையாக அதைப் பிடித்து அவளிடம் காட்டினேன்.

"சரிங்க சாமி," என்றாள்.

காலையில் ஜீப்பின் பின்னால் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "முன்சீட்டு எங்களுது, பாருங்க," என்று போனை நீட்டினேன். எல்லாச் சீட்டும் காலி என்றது ஆப். யாரும் தொடாத நேரத்தில் அந்தத் தளம் ஆப்பைத் தூங்கவைக்கும். எழுப்பும்போது புதிதாக எழுப்பும். பிடித்த சீட்டுகளை நான் ஆப்புக்குள்ளேயே ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். அதுவும் சுத்தமாகத் துடைபட்டிருந்தது.

"ஜீப்பே காலியாமே! அப்போ நாங்கல்லாம் யாருப்பா?" என்றார் மடியில் பலாப்பழத்தோடு ஒரு பெரியவர். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது.

"முன்சீட்டு நேத்தே போய்டுச்சே," என்றார் அண்ணன்.

நான் போனை மறுபடி தட்டிப் பார்த்தேன். என் மனைவி என்னைத் தாண்டிப் போய் முன்கதவைத் திறந்தாள். சீட்டின்மேல் என் பச்சைத் துண்டு. நான் வாசலில் நடந்துகொண்டிருந்தபோதே அதை அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். துண்டு கிடக்கும் சீட்டில் எங்கள் மலையில் யாரும் உட்கார மாட்டார்கள்.

"என்மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

"உன்மேல இல்லாமயா மாமா உன் துண்டையே போட்டேன்?"

இப்போது சீட்டு விவரத்தைத் தனி டேட்டாபேஸில் வைத்துவிட்டேன்; ஆப் தூங்கி எழுந்தாலும் அழிவதில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அவள் ஆப்பிலும் சீட்டுப் பிடிக்கிறாள், துண்டையும் அனுப்புகிறாள். குளித்துவிட்டுத் தலை துவட்டத்தான் எனக்கு ஒன்றும் இருப்பதில்லை.