அடைகல்லுக்கு வயது சொன்னேன்

பாபநாசத்துச் சாலையோரக் கொல்லுப் பட்டறையில், என் மோட்டார் சைக்கிளின் உடைந்த ஸ்டாண்டோடு நிற்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால், தீட்டக் கொண்டுவந்த கதிர் அரிவாளோடு நான்கு வயல்கூலிப் பெண்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டையான அடைகல்லைக் கண்டால் வயது சொல்லாமல் என் வாய் சும்மா இருக்காது. அரித்துப்போன பக்கத்தைத் தடவி, "துருவே சொல்லுது ஆசாரி, நூறு வருஷத்துக் கல்லு!" என்கிறேன்.

பெண்கள் சிரிக்கிறார்கள்.

"என் கல்யாணத்தப்ப புதுசா வாங்குனது சார்," என்கிறார் ஆசாரி. "போன தடவை கூலித் தகராறுல, இவங்களுக்கு அரிவாள் அடிச்சேன்னு மிராசுதார் ஆளுங்க இந்தக் கல்லை வாய்க்கால்ல தள்ளிட்டாங்க. அங்க கெடந்து ஏறுன துருதான் இது. தண்ணி வத்துனதும் இவங்கதான் சேத்துலேர்ந்து தூக்கியாந்தாங்க. இல்லேன்னா என் பொழப்பே போயிருக்கும்."

அசடு வழிய நிற்கிறேன். பெண்களில் மூத்தவர் தன் அரிவாளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

"இவரு ஸ்டாண்டை மொதல்ல அடிச்சுக் குடுங்க ஆசாரி. இன்னும் கொஞ்ச நேரம் நின்னாருன்னா நமக்கும் வயசு சொல்லிருவாரு."

அவர்கள் விட்டுத்தந்த இடத்துக்குக் கைகூப்பியபடியே நகர்கிறேன்.